கருப்பு வட்டம், சிவப்பு வட்டம்

1945 ஜூலை 9, திங்கள்

நாட்குறிப்பு எழுதக் கூடாது என்று விமானப் படையில் உத்தரவு. மீறி எழுதினாலும் இருக்கும் இடத்தின் பெயர் வரக் கூடாதாம். சரி, எழுதவில்லை. பனைமரம், கருவேலமரம், மண்டையைப் பிளக்கும் வெயில், தண்ணீர் இல்லாத ஓர் ஆறு. இதை வைத்து ஜப்பான்காரன் எங்களைக் கண்டுபிடித்துவிட்டால் அவனே ஜெயித்துக்கொள்ளட்டும்.

இந்த நோட்டு எங்காவது விழுந்து யாராவது எடுத்தால்: இது கார்ப்பரல் அணைஞ்சபெருமாளுடையது. சொந்த ஊர் கோவில்பட்டி. போருக்கு முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது சண்டை விமானங்களின் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது, குறி சேர்ப்பது. இந்த ஸ்குவாட்ரனில் என்னைவிட நன்றாகக் குறி சேர்ப்பவன் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

இன்று நான்கு புது ஸ்பிட்ஃபயர் வந்து இறங்கின. ஏற்கெனவே பன்னிரண்டு இருக்கின்றன. மூக்கு, வால், சத்தம் எல்லாம் ஒன்றுதான், இறக்கைதான் வேறு. பழையவற்றில் இருப்பது ‘சி’ இறக்கை. ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு பீரங்கி, அதற்கு வெளியே தள்ளி இரண்டு சின்ன மெஷின்கன். புதியவற்றில் ‘ஈ’ இறக்கை. சின்ன மெஷின்கன் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பீரங்கி இருந்த இடத்தில் தடியாக ஒரு மெஷின்கன் வந்து உட்கார்ந்திருக்கிறது. பீரங்கி ஓர் அடி வெளியே, பக்கத்துப் பொந்துக்குக் குடிபோய்விட்டது. சின்னவர்களை வீட்டைவிட்டே துரத்தியாயிற்று. ஆட்சி மாறினால் எங்கும் நடப்பதுதான்.

என்னோடு வேலை செய்பவர் அப்பாவு, ஆரணிக்காரர். வயதில் என்னைவிட ஐந்து மூத்தவர், பதவியில் ஒரு படி கீழே. வாய் ஓயாத மனிதர். ஒரு விமானம் மைதானத்தின் அந்தக் கோடியில் இறங்கும்போதே, “எச் வருது கார்ப்பரலே. அதோ, பின்னாலயே கே வருது” என்று வாலில் இருக்கும் எழுத்தை வாசித்துக் காட்டுவார். நான் கேட்டேனா? எனக்குப் படிக்கத் தெரியாதா? சொல்லிப் பயனில்லை.

ஜூலை 11, புதன்

இன்று முழுவதும் பழைய வேலை, பலகை எழுதினேன்.

துப்பாக்கிகள் இறக்கையில் இருக்கின்றன, சுடுகிறவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நேராகச் சுட்டால் குண்டு எதிரியின் இருபக்கமும் மரியாதையாக ஒதுங்கிப் போய்விடும். அதனால் எல்லாத் துப்பாக்கிகளையும் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி, இருநூற்றைம்பது கஜத்தில் குண்டுகள் ஒன்றாகச் சந்திக்கும்படி வைப்போம். அதற்குத்தான் பலகை. விமானத்துக்கு நூறு கஜம் முன்னால் அதை நட்டு, ஒவ்வொரு துப்பாக்கியின் குழலையும் பலகையில் அதனதன் வட்டத்தைப் பார்க்கும்படி திருகிச் சரிசெய்வோம்.

இறக்கை மாறினால் வட்டத்தின் இடமும் மாறும். ‘ஈ’ இறக்கைக்குத் தனிப் பலகை கேட்டேன். ஃபிளைட் சார்ஜென்ட் கிர்பால் சிங், பலகை இருந்தால் முதலில் தன் கட்டிலுக்குத்தான் போடுவேன் என்று இந்துஸ்தானியில் சொல்லிவிட்டார். ஆக ஒரே பலகையில் இரண்டையும் எழுதினேன். பழைய இறக்கைக்குக் கருப்பு வட்டம், புதியதற்குச் சிவப்பு. பீரங்கிக்கான கருப்பு வட்டத்துக்கும் சிவப்பு வட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காம்பஸ் இல்லாமல் கையாலேயே போட்டேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூலை 13, வெள்ளி

மைதானத்தில் படம் காட்டினார்கள். திரையை யாரோ ஒழுங்காக இழுத்துக் கட்டவில்லை. கதாநாயகி முகமும் அவள் பின்னால் இருந்த தூணும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. அப்பாவு, “நல்லாத்தானே தெரியுது” என்றார். அவருக்கு எது கிடைத்தாலும் போதும். எல்லாரும் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன், அரை நொடி கழித்து.

ஐயாவுக்கும் முப்பத்தைந்து வயதில்தான் தூரத்தில் இருப்பது மங்கத் தொடங்கியது. எனக்கு முப்பத்தொன்று. இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. நான் சொல்ல வந்தது திரையைப் பற்றி.

ஜூலை 15, ஞாயிறு

அப்பாவு பொன்னுக்குவீங்கியில் படுத்துவிட்டார். கன்னம் இரண்டும் பூசணிக்காய். பத்து நாள் ஆஸ்பத்திரிக் கொட்டகை. காதுக்கு ஓய்வு.

ஜூலை 17, செவ்வாய்

புது விமானங்களில் மூன்றுக்கு அப்பாவு இருக்கும்போதே குறி சேர்த்தாயிற்று. இன்று நான்காவது, ‘எச்’. அது பைலட் ஆபீசர் ராகவலுவுடையது. மதராஸ், சூளை. இருபத்திரண்டு வயது. ஆபீசர்களில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள். எப்போதும் ‘நீங்க, வாங்க’தான். நல்ல வளர்ப்பு.

வாலைத் தூக்கி மரத் தாங்கியில் வைத்து, ரசமட்டம் பார்த்து, விமானத்தை அது பறக்கும் வாகில் நிறுத்தினேன். இரண்டு பேர் வேலை, தனியாகச் செய்தேன். பிறகு பீரங்கியின் பின்பக்கத்தைக் கழற்றி, கண்ணாடி வைத்த பார்வைக் குழாயை நுழைத்துக் குழல் வழியாகப் பலகையைப் பார்த்தேன். சரியான உச்சிவெயில். தரையிலிருந்து அனல் எழும்பிப் பலகையே ஆடியது. இந்த வெயிலில் எவனுக்கும் அப்படித்தான் தெரியும். வட்டம் இருந்தது. எத்தனை வருஷம் செய்கிற வேலை, கைக்கே தெரியும் பீரங்கி எங்கே பார்க்க வேண்டும் என்று. திருகி, இறுக்கி, பூட்டுக் கம்பியும் போட்டு முடித்தேன்.

வழக்கமாக மண்மேட்டில் நாலு குண்டு சுட்டுப் பார்ப்போம். அந்த மண்மேட்டை வெட்டி ஓடுபாதைக் குழிகளுக்குப் போட்டுவிட்டார்கள். படையின் மூளையே மூளை.

ஜூலை 20, வெள்ளி

கடலுக்கு மேலே சுடும் பயிற்சி. ஒரு விமானம் நீளமான துணிக் குழாய் ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். மற்றவர்கள் அதைப் பீரங்கியால் மட்டும் சுட வேண்டும். யார் சுட்டது என்று தெரிய, ஒவ்வொருவருடைய குண்டின் நுனிக்கும் ஒரு வர்ணம் பூசித் தருவது என் வேலை. ஓட்டையின் விளிம்பில் அந்த வர்ணம் ஒட்டியிருக்கும். ராகவலு சாருக்கு மஞ்சள்.

துணியைக் கொண்டுவந்து புல்லில் விரித்தார்கள். நீலம் ஒன்பது, பச்சை ஆறு, வெள்ளை பதினொன்று. மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

பட்டணத்துப் பிள்ளை. கை பழக வேண்டாமா?

ஜூலை 24, செவ்வாய்

மறுபடியும் மஞ்சள் இல்லை. துணியின் கிழிந்த ஓரங்களையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை.

சாயங்காலம் ராகவலு சார் என் கூடாரத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

“பெருமாள், துப்பாக்கியில ஏதாவது கோளாறு இருக்குமா? தப்பா நினைச்சுக்காதீங்க. சும்மா கேக்கறேன்.”

“நானே சேத்தது சார்.”

“அப்ப என் கைதான். இருநூத்தம்பது கஜத்துலதான் சுடறேன், சரியாத்தான் குறி வைக்கறேன்னு நினைக்கறேன். ரெண்டு பக்கமும் துணிய ஒட்டி, ஒட்டாமப் போவுது. எனக்கு வரல போல.”

இரண்டு பக்கமும் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மோசமாகச் சுடுகிறவனுடைய குண்டு ஒரு பக்கமாகத்தான் போகும்.

ஜூலை 25, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. சப்பாத்தியைக் குறை சொல்லலாம் என்று பார்த்தால் இன்றைக்குப் போட்டது சோறு.

ஜூலை 27, வெள்ளி

அப்பாவு கன்னம் வடிந்து திரும்பி வந்தார். ‘எச்’ விமானத்தை மறுபடி தாங்கியில் ஏற்றியிருந்தேன். சாதாரணமாகச் சொல்வதுபோல, “கொஞ்சம் பீரங்கிக் குழல் வழியாப் பாத்துச் சொல்லும்வே. எனக்குக் கண்ணுல தூசி” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

“இது ஈ இறக்கைதானே கார்ப்பரலே?”

“ஆமா.”

“பீரங்கி கருப்புல நிக்குது.”

“அந்தப் பக்கம்?”

சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். “அதுவும் கருப்புதான்.”

பீரங்கி ஓர் அடி வெளியே போய்விட்டது, நான் அதைப் பழைய வீட்டுக்குப் பார்த்தே திருப்பி வைத்திருக்கிறேன். இருநூற்றைம்பது கஜத்தில் சந்திக்க வேண்டிய குண்டுகள் இருநூறு கஜத்திலேயே சந்தித்து, குறுக்காகத் தாண்டி, துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போயிருக்கின்றன. அவர் குறி தப்பவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் சுட்டிருக்கிறார்.

அப்பாவு பார்வைக் குழாயைத் துடைத்து உறையில் போட்டார்.

ஜூலை 28, சனி

அப்பாவு பார்த்துச் சொல்லச் சொல்ல நான் திருகினேன். பீரங்கி இரண்டும் இப்போது சிவப்பு வட்டத்தில். நடந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த பயிற்சியில் மஞ்சள் ஓட்டையாக விழும், எல்லாரும் பையனுக்குக் கை பழகிவிட்டது என்பார்கள். நானும் அப்படியே சொல்வேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 30, திங்கள்

அடுத்த பயிற்சி கிடையாதாம்.

மலேயாவுக்குக் கப்பல் ஏறப்போகிறவர்களின் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். அப்பாவு எனக்கு வாசித்துக் காட்டினார். ராகவலு பெயர் இல்லை. சுடும் திறமை போதாது. துணிக் குழாய் இழுக்கிற பிரிவுக்கு மாற்றம், பத்தாம் தேதிக்குள் கிளம்ப வேண்டும். இனிமேல் அவர் துணியை இழுத்துக்கொண்டு போவார், மற்றவர்கள் சுடுவார்கள்.

மெஸ்ஸில் யாரோ அவரைக் கேலி செய்தார்களாம், அவரும் சேர்ந்து சிரித்தாராம். எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. அரை நொடி கழித்து வரும்.

ஆகஸ்ட் 1, புதன்

இதுவரை இந்த நோட்டில் பொய் எழுதியிருக்கிறேன். யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை, படிக்கப்போகிறவனும் நான்தான்.

எனக்குத் தூரத்தில் இருப்பது தெரிவதில்லை. நேற்று இன்று வந்ததல்ல. படையில் சேர வந்தபோதே அப்படித்தான். கண் பரிசோதனையில் எனக்கு முன்னால் நின்றவன் அட்டையை உரக்க வாசித்தான், நான் வரிசையில் நின்றே மனப்பாடம் செய்துகொண்டேன். பிறகு வருஷா வருஷம் மோசமாகிக்கொண்டு வருகிறது. மைதானத்தின் அந்தக் கோடி எனக்குப் புகை. கிட்டத்தில் உள்ளதெல்லாம் தெரிகிறது என்பதால் சமாளித்துவிட்டேன்.

ஐயா மாட்டு வண்டி ஓட்டினார். முதலில் எதிரே வரும் வண்டி தெரியவில்லை என்றார். தூசி என்றார். வெயில் என்றார். ஐந்தே வருஷத்தில் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து முழுசாக அடைந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறார். டாக்டரிடம் போனால் எனக்கும் அதையே சொல்வார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இன்னொரு சுவர் இருக்கிறது, நானும் அதைத் தடவிக்கொண்டு நடக்கலாம். இந்தப் பயத்தில்தான் யாரிடமும் சொல்லவில்லை. சொர்ணத்திடமும் சொல்லவில்லை, பெண்டாட்டி என்றுகூடப் பார்க்கவில்லை.

ஆனால் என் பயத்துக்காக ராகவலு வாழ்நாள் பூராவும் சுடத் தெரியாதவராக இருக்க வேண்டுமா? நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

ஆகஸ்ட் 2, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முதலில் ராகவலு சாரிடம். அவர் கூடாரத்தில் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். கருப்பு வட்டம், சிவப்பு வட்டம், என் கண். கடைசியாக, சனிக்கிழமை ரகசியமாகச் சரிசெய்ததையும்.

அவர் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். அதைப் பெட்டியில் வைத்தார். பிறகு கேட்டார்:

“சரி பண்ணிட்டீங்கல்ல. யாருக்கும் தெரியாது. இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?”

“உங்களுக்கே தெரியாமப் போயிருமே சார்.”

“என்னது?”

“உங்களுக்குச் சுடத் தெரியும்கிறது.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “பத்து நாளா ஷேவ் பண்ணும்போதுகூட என் மூஞ்சிய நான் நேராப் பாக்கல, தெரியுமா? நான் உங்ககிட்டயே வந்து கேட்டேன் பெருமாள். நீங்க நானே சேத்ததுன்னு சொன்னீங்க.”

“ஆமா சார்.”

“வெளியே போங்க.”

போனேன். நேராகக் கிர்பால் சிங்கிடம் போனேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, பலகை கேட்டபோது கொடுத்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்குவாட்ரன் லீடரிடம் அவர்தான் அழைத்துப் போனார். அந்த ஆங்கிலேயர் குரலை உயர்த்தவே இல்லை. தவறு செய்ததற்கு மன்னிப்பு உண்டு, ஆறு நாள் மறைத்ததற்குக் கிடையாது என்றார். சட்டைக் கையிலிருந்த கார்ப்பரல் பட்டை இரண்டும் போயின. ராகவலு மாற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. பதினோராம் தேதி அவர் ஒருவருக்கு மட்டும் மறுபடி சுடும் சோதனை. நான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கூடாரத்துக்கு வந்து சட்டையிலிருந்து பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்பாவு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இனிமே கார்ப்பரலுன்னு கூப்பிட வேணாமில்ல?”

“வேண்டாம்.”

“அப்ப தம்பின்னு கூப்பிடறேன். ரொம்ப நாளா வாயில வந்துகினே இருந்திச்சி.” பிரிந்த நூலை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, “எனக்கு ஒரு வருஷமாத் தெரியும் தம்பி. அதான் வால்ல இருக்கிற எழுத்தப் படிச்சிகினே இருந்தேன்” என்றார்.

“ஏம்வே என்கிட்டச் சொல்லல?”

“நீ சொல்லலியே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தெரியாதவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 4, சனி

டாக்டர் மாத்தன் மலையாளி, தமிழ் நன்றாகவே பேசுகிறார். விளக்கை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு வில்லைக்கும் சுவரிலிருந்த அட்டை என் பக்கம் ஓரடி நடந்து வந்தது. நான் ஐயாவைப் பற்றிச் சொன்னேன்.

“அச்சன் கண்ணுல வெள்ளை தெரியுமோ?”

“தெரியும் சார்.”

“அது புரை. உனக்கு புரை இல்ல. இது வெறும் கிட்டப்பார்வை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வர்றது. கண்ணாடி போட்டா தீர்ந்தது.”

“குருடாக மாட்டேனா சார்?”

“எழுபது வயசுல கேளு, சொல்றேன்.” பிறகு சீட்டு எழுதிக்கொண்டே, “அச்சன் உயிரோட இருக்காரா? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. புரையை எடுத்துடலாம். முழுசா இல்லாட்டியும் ஓரளவு தெரியும்” என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பதினாறு வருஷம் ஐயா சுவரைத் தடவினார், நான் ஐந்து வருஷம் பயந்து செத்தேன். இரண்டுக்கும் மருந்து இருந்திருக்கிறது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், இந்த முறை தாமதமில்லாமல்.

சொர்ணத்துக்கு ஆறு பக்கம் எழுதிப் போட்டேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

டவுனிலிருந்து கண்ணாடி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

பனைமரத்துக்கு ஒவ்வோர் ஓலையும் தனித்தனியாக இருக்கிறது. ஓடுபாதைக் கோடியில் காற்றடிக்கும் பக்கம் காட்டுகிற துணிப்பை கட்டியிருக்கிறார்கள், அதில் ஒரு கிழிசல். கிர்பால் சிங்குக்குத் தாடியில் நரை விழுந்திருக்கிறது. அப்பாவு நான் நினைத்ததைவிடக் கருப்பு. அதைச் சொன்னேன்.

“நீ மட்டும் என்னா, மொகத்துல அம்மைத் தழும்பு. கண்ணாடியில பாத்துக்கோ தம்பி” என்றார்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

நாளைய சோதனைக்கு ‘எச்’ விமானத்தைத் தயார்செய்ய வேண்டும். கிர்பால் சிங் வேறு ஸ்குவாட்ரனிலிருந்து ஒரு கார்ப்பரலை வரவழைத்திருந்தார். அது நியாயம்தான். நான் துடைக்கிற துணியோடு ஓரமாக நின்றேன்.

ராகவலு சார் வந்தார். எட்டு நாளாக என்னோடு பேசவில்லை. என் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார்.

“தெரியுதா?”

“தெரியுது சார்.”

“அந்தப் பலகைக்குப் பின்னால வேலி மேல என்ன உக்காந்திருக்கு?”

“மைனா சார். ரெண்டு. ஒண்ணு இப்பப் பறந்துட்டு.”

அவர் கிர்பால் சிங்கிடம் திரும்பி ஏதோ சொன்னார். கிர்பால் சிங் தோளைக் குலுக்கினார். ராகவலு சார் என்னிடம் வந்தார்.

“நீங்களே சேருங்க.”

“சார், அவரு நல்லாச் செய்வாரு. உங்க வாழ்க்கைப் பிரச்சினை.”

“இந்த நாட்டிலேயே ஒருத்தருக்குத்தான் இந்த விமானத்துல என்ன தப்பு நடக்கும்னு முழுசாத் தெரியும். அவரு சேத்தாப் போதும்.” இன்னும் கோபம் தீரவில்லை என்பது குரலில் தெரிந்தது. அதோடுதான் சொன்னார். எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

குழல் வழியாகப் பார்த்தேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வட்டம் வட்டமாகத் தெரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? சிவப்பு வட்டம் முட்டை மாதிரி இருக்கிறது. கீழே வர்ணம் வேறு வடிந்திருக்கிறது. இவ்வளவு கோணலாகப் போட்டுவிட்டுத்தான் கோவில்பட்டி முழுக்கப் பேர் வாங்கியிருக்கிறேன். முட்டையானாலும் நடு நடுதானே. அந்த நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தேன். அப்பாவு பார்த்தார். வந்த கார்ப்பரலும் பார்த்தார்.

ஆகஸ்ட் 11, சனி

மஞ்சள் பதினான்கு.

ஸ்குவாட்ரனிலேயே இதுதான் அதிகம். ராகவலு சார் புல்லில் முழங்காலிட்டு ஒவ்வோர் ஓட்டையாக விரலை விட்டுப் பார்த்தார். அவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. போகும்போது என் தோளில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே. வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 15, புதன்

போர் முடிந்தது. ஜப்பான் சரணடைந்துவிட்டதாம். மைதானமே அல்லோலகல்லோலப்படுகிறது. கிர்பால் சிங் ஒரு பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு ஆடுகிறார். மலேயாவில் இனிச் சண்டை இல்லை.

அப்பாவு என் சட்டையில் பட்டை இருந்த இடத்தை, நிறம் மாறித் தெரிகிற அந்த இடத்தைப் பார்த்தார்.

“ரெண்டு வாரம் பொறுத்திருந்தீன்னா இது போயிருக்காது தம்பி. அவரும் எங்கயும் சண்டைக்குப் போயிருக்க மாட்டாரு. எல்லாம் தானா முடிஞ்சிருக்கும்.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரிதான். ஆனால் ராகவலு சார் அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு சூளைக்குப் போயிருப்பார், பேரன் பேத்தி எடுத்த பிறகும் தனக்குச் சுட வராது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நானும் வெயிலையும் தூசியையும் குறை சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

“பட்டை போனாப் போகுதுவே” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, வெள்ளி

எல்லா விமானத்திலிருந்தும் குண்டுகளை இறக்கிவிட்டு, துப்பாக்கிகளைக் கழற்றி மசகு பூசிப் பெட்டியில் வைக்கச் சொல்லி உத்தரவு. காலையில் ‘எச்’ விமானத்தின் வாலைத் தாங்கியில் ஏற்றித் தொடங்கினோம். பீரங்கியைக் கழற்றும் முன் பழக்க தோஷத்தில் பார்வைக் குழாயை நுழைத்துக் குழல் வழியாக ஒரு தடவை பார்த்தேன்.

பலகை இல்லை. கிர்பால் சிங் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டுபோய்விட்டார். அது நின்ற இடத்துக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் கடலைக் கொல்லை. குழலின் வட்டத்துக்குள் ஒரு பெண் இருந்தாள். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து, தூக்குச் சட்டியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சட்டியை இறக்கிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். எங்கள் பக்கம் யாரையோ பார்த்துச் சிரித்தாள், முன்பல் ஒன்று இல்லை. அது வரை தெரிந்தது.

ஐந்து வருஷமாக இந்தக் குழல்களை எவ்வளவோ துல்லியமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அதன் வழியாக நான் ஒரு மனித முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பீரங்கிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். குண்டு இல்லை, காலையிலேயே இறக்கிவிட்டோம். அப்பாவுவையும் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். காலிதான் தம்பி என்றார். அதற்குப் பிறகுதான் என் மூச்சு வந்தது.